றிச்மண்ட் பாலத்துத் தற்செயல்

பார்க்கிங் (Barking), லண்டன்.
11-06-1995, ஞாயிறு

பேரன்புக்கும் மதிப்புக்கும் உரிய அத்தான் அவர்களுக்கு,

குகதாசன் எழுதுவது. கொழும்பில் நீங்களும் அருமைநாயகி அக்காவும் பிள்ளையார் துணையால் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. முறைக்கு எழுதிவிட்டேன், தயவுசெய்து நம்ப வேண்டாம். நேற்று இரவு முழுக்க நான் கண் மூடவில்லை. என் எழுத்தைப் பார்த்தாலே உங்களுக்கு விளங்கும். செல்வமலர் நெற்றி நிறையத் தைலம் பூசிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். கூப்பிட்டால் "ம்" என்கிறாள்.

எங்கள் பிள்ளை பாலாம்பிகைக்கு நீங்கள் பேசி எடுத்த, சட்டனில் இருக்கிற இஞ்சினியர் ஸ்ரீஸ்கந்தராஜாவின் சம்பந்தம் நேற்றோடு பாழாய்ப் போய்விட்டது, அத்தான். எப்படிப் போனது என்று சட்டன்காரர் உங்களுக்குப் போன் எடுத்துச் சொல்ல முன்னம் நான் சொல்லிவிட வேண்டும் என்றுதான் விடிந்ததும் விடியாததுமாக எழுதுகிறேன். அவர்கள் சொல்லப்போவது உண்மைதான், ஆனால் முழு உண்மையில்லை.

பெண் பார்ப்பது பெண் பார்ப்பதுபோல இருக்கக்கூடாது என்பது நம் ஊர் வழக்கம், உங்களுக்குத் தெரியாததில்லை. வீடு தேடி வந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்று போனால் பிள்ளையின் பெயர் கெடும். ஆகவே தேர் பார்க்கப் போன இடத்தில் இரண்டு பகுதியும் தற்செயலாகச் சந்தித்ததாக இருக்கவேண்டும். பிடித்தால் மேற்கொண்டு பேச்சு, பிடிக்காவிட்டால் கோயிலில் கண்டோம், சுகம் விசாரித்தோம், அவ்வளவுதான். லண்டனில் இதற்கு வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயில் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால் அங்கே வருகிறவர்களில் பாதிப்பேர் அம்மனைப் பார்க்க வருகிறார்கள், மிச்சப்பேர் யார் யாரைப் பார்க்கிறார்கள் என்று பார்க்க வருகிறார்கள். போன வருடம் அங்கே ஒரு பகுதியைத் தற்செயலாகச் சந்தித்துவிட்டு நாங்கள் வீடு வந்து சப்பாத்தைக் கழற்றவில்லை, பக்கத்துத் தெருத் தவமலர் போன் எடுத்து, "என்னவாம் அண்ணை, சரிவந்திட்டுதோ?" என்று கேட்டாள். சரிவரவில்லை என்பதை மாப்பிள்ளை வீட்டுக்கு முன்னமே அவள் அறிந்துகொண்டாள்.

அதனால்தான் இம்முறை ஒரு தமிழ்க் கண்ணும் படாத இடமாகப் பார்த்தேன். எங்கள் வீட்டுக் கலண்டரில் ஆனி மாதத்துக்குப் போட்டிருந்த படம் றிச்மண்டில் தேம்ஸ் நதிக்குக் குறுக்கே நிற்கிற பழைய இரும்புப் பாலம். நூறு வருடப் பழசு. கார், பஸ் எதுவும் போகாது, மனிதர் நடக்க மட்டும். இந்தக் கரையில் ஒரு படிக்கட்டு, அந்தக் கரையில் ஒரு படிக்கட்டு. நாங்கள் றிச்மண்ட் பக்கத்தால் ஏறுவது, அவர்கள் எதிர்ப்பக்கத்தால் ஏறுவது, நட்ட நடுவில் தற்செயலாகச் சந்திப்பது. கொடிகாமம் ஸ்டேஷனில் ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரும் புதிருமாக வந்த ரயில்களை முட்டாமல் விலக்கிவிட்டு ஓய்வுபெற்றவன் நான். இரண்டு குடும்பங்களை முட்ட வைப்பது என்ன பெரிய வித்தை என்று நினைத்தேன். நீங்களும் "அருமையான யோசனை" என்று பதில் போட்டீர்கள். அந்தக் கடிதம் இப்போதும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

அதோடு நில்லாமல், பேச்சு இப்படித் தொடங்க வேண்டும் என்று ஒரு வசனமும் நீங்களே எழுதித் தந்தீர்கள். மாப்பிள்ளை பகுதி "நீங்கள் தமிழோ?" என்று கேட்கும், நாங்கள் ஆச்சரியப்பட வேண்டும். அத்தான், நீங்கள் பெரியவர், நான் குறை சொல்லக்கூடாது. ஆனால் இந்த ஊரில் ஒரு தமிழன் இன்னொரு தமிழனைக் கண்டால் வாயைத் திறந்து முதலில் கேட்பதே அதைத்தான். பஸ்ஸில் கேட்பான், ஆஸ்பத்திரியில் கேட்பான், வழுக்கி விழுந்து கிடந்தாலும் தூக்க முன்னம் கேட்பான். இன்னொன்று, நீங்கள் அனுப்பிய மாப்பிள்ளையின் படம். பட்டமளிப்பு அங்கி, தலையில் தட்டுத் தொப்பி, தடித்த மீசை. அந்த அங்கிக்குள் யாரை நிறுத்தினாலும் அப்படித்தான் இருக்கும்.

நேற்று எமகண்டம் கழியப் பாலத்தடிக்குப் போய்ச் சேர்ந்தோம். செல்வமலர் மரக்கறி றோல்ஸும் உழுந்து வடையும் ஒரு பிளாஸ்க் தேத்தண்ணியும் கொண்டு வந்திருந்தாள். தற்செயலாகச் சந்திக்கிற ஆட்களுக்கு இவ்வளவு பலகாரம் எதற்கு என்று கேட்டேன். "பசிச்சால் என்ன செய்யிறது?" என்றாள். பாலாம்பிகை நீலச் சீலை கட்டி, பின்னால் வந்தாள். அவளுக்கு முப்பத்தொரு வயது, அத்தான். இதுவரை பேசிவந்த எந்தச் சம்பந்தத்துக்கும் அவள் வேண்டாம் என்று சொன்னதில்லை, ஓம் என்றும் சொன்னதில்லை. "உங்கட விருப்பம் அப்பா" என்பாள். அவளின் அண்ணன், எங்கள் மூத்தவன், உயிரோடு இருந்திருந்தால் அவளோடு மனம்விட்டுப் பேசியிருப்பான். எனக்கு அந்தப் பேச்சு வராது. அதனால்தான் இந்தச் சம்பந்தமாவது ஒப்பேற வேண்டும் என்று நான் துடித்தது.

பாலத்தில் ஏறியதும் முதல் இடி. இரண்டு நாள் வெயில் எறித்தால் இந்தச் சனத்துக்கு உடுப்புப் பாரமாகிவிடும். ஆண்கள் மேலுக்கு ஒன்றுமில்லாமல் நடக்கிறார்கள். அதைக்கூடக் கோயில் என்று நினைத்துச் சகித்திருப்பேன். சந்திப்புக்கு நான் குறித்த நட்ட நடு இடத்தில் ஒரு வெள்ளைக்காரச் சோடி கம்பியில் சாய்ந்து, இந்த உலகத்தையே மறந்து வாயோடு வாய் வைத்துக்கொண்டு நின்றது. நான் உரக்கக் கனைத்தேன். அந்தப் பெடியன் திரும்பி, "ஹலோ" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு விட்ட இடத்தில் தொடங்கினான். செல்வமலர் பாய்ந்து முந்தானையால் பாலாம்பிகையின் கண்ணை மறைத்தாள். "விடுங்கோ அம்மா, இதை நான் ஒவ்வொரு நாளும் ரெயினிலை காணுறனான்" என்றாள் பிள்ளை. அடுத்த இடி அது. தினமும் வேலைக்குப் போய் வருகிற பிள்ளை வழியில் எதைக் காண்கிறாள் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

அந்த இடத்தை விட்டு நாலடி தள்ளி நின்றோம். அங்கே தனியாக ஒரு தமிழ்ப் பெடியன், தடித்த மீசை, கழுத்தில் கமெரா, கம்பியைப் பிடித்துக் கீழே எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றான். எங்கள் பேச்சுக் கேட்டதும் திரும்பினான். முகமெல்லாம் சிரிப்பு. "அங்கிள், நீங்கள் தமிழோ?" என்றான்.

உங்கள் வசனம், அத்தான்! ஓர் எழுத்துப் பிசகவில்லை. நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்தபடி ஆச்சரியப்பட்டேன். கொஞ்சம் கூடிப்போயிருக்க வேண்டும், பெடியன் ஓரடி பின்னுக்குப் போனான். தாய் தகப்பன் எங்கே என்று எனக்குள் ஒரு கேள்வி வந்ததுதான். தாய்க்கு முழங்கால் வருத்தம் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள், படி ஏற நேரமெடுக்கும், பெடியன் முன்னுக்கு வந்துவிட்டான் என்று நானே விடையும் சொல்லிக்கொண்டேன். வாய்விட்டுக் கேட்க ஏலாது. கேட்டால் தற்செயல் கெட்டுவிடும்.

"தம்பி எவடத்திலை இருக்கிறியள்?" என்று தொடங்கினேன்.

"சட்டன் பக்கம் அங்கிள்."

"வேலை?"

"இஞ்சினியரிங் தான். கவுன்சிலிலை."

"ஊரிலை?"

"மன்னார்."

மாப்பிள்ளையின் தகப்பன் மன்னார் அரசாங்கக் கச்சேரியில் நெடுங்காலம் கிளறிக்கல் உத்தியோகம் பார்த்தவர் என்று நீங்கள் எழுதியது எனக்கு ஞாபகம் வந்தது. எல்லாம் சங்கிலிபோலக் கொழுவிக்கொண்டது. பெயரை மட்டும் நான் கேட்கவில்லை. தெரிந்த பெயரைத் தெரியாததுபோல் கேட்டு நடிக்கிற அளவுக்கு எனக்குத் திறமை இல்லை. செல்வமலர் தன் பங்குக்கு விசா, வீடு, சமையல், தடிமன் காய்ச்சல் வருமா, குடி உண்டா என்று எல்லாம் விசாரித்தாள். பெடியன் முகம் சுளிக்காமல் ஒவ்வொன்றுக்கும் விடை சொன்னான். அவன் ஏன் சந்தேகப்படப் போகிறான்? வழியில் கண்ட தமிழ்ப் பெடியனை எங்கள் சனம் இந்தக் கேள்வியெல்லாம் கேட்காமல் விட்டதுண்டா? எந்த நாளும் கேட்கிற கேள்விகளும் மாப்பிள்ளையைக் கேட்கிற கேள்விகளும் ஒன்றுதான் என்பது நேற்றுத்தான் எனக்கு உறைத்தது.

இனித்தான் நான் சொல்ல வெட்கப்படுகிற சங்கதி. அந்தப் பாலம் ஒரு பாலம் இல்லை, அத்தான். இரண்டு பாலம்! பக்கத்துப் பக்கத்தில், ஒன்றுபோல ஒன்று, நடுவில் பெரிய இரும்புக் கதவுகளைத் தூக்கி இறக்குகிற இயந்திரங்கள். கலண்டரில் பக்கவாட்டில் எடுத்த படம் என்றபடியால் ஒன்று மற்றதை மறைத்துவிட்டது. மற்றப் பாலத்தில் கனத்த பட்டுச்சீலை கட்டிய ஓர் அம்மாவும், குடை பிடித்த ஒரு ஐயாவும், கழுத்தில் ரை கட்டிய ஒரு பெடியனும் அங்கும் இங்குமாக நடந்துகொண்டிருந்தார்கள். ஒருமுறை அந்த அம்மா நின்று எங்களை முறைத்துப் பார்த்தா. எங்கள் சனம் போலக் கிடக்கிறதே என்று நான் கையை அசைத்தேன். செல்வமலரிடம், "இஞ்சாரும், அங்கை பாரும். அவையளும் பொம்பிளை பார்க்க வந்தவை போலை. மற்றப் பகுதியைக் காணேல்லையாக்கும், பாவங்கள்" என்றும் சொன்னேன். செல்வமலரும் உச்சுக் கொட்டினாள்.

இந்த நேரத்தில் பாலாம்பிகை அந்தப் பெடியனிடம் தானாக ஒரு கேள்வி கேட்டாள். அத்தான், தானாக! அந்த இரும்புக் கதவு எதற்கு என்று கேட்டாள். வற்று நேரத்தில் ஆறு வடிந்து சேறாகிவிடாமல் தண்ணீரை மறித்து வைக்க அதை இறக்குவார்கள் என்று அவன் விளக்கினான். "அப்ப மறிச்சால் ஆறு என்ன செய்யும்?" என்றாள். "என்ன செய்யிறது, என்னைப் போலை நிண்டு பாத்துக்கொண்டிருக்கும். சனிக்கிழமையிலை எனக்கும் போக இடமில்லை" என்றான். அவள் சிரித்தாள். வாயைப் பொத்தாமல், தலையைக் குனியாமல், பாலத்தில் போன ஒரு கிழவி திரும்பிப் பார்க்கச் சிரித்தாள். மூத்தவனுடைய செய்தி வந்த பிறகு அந்தச் சத்தத்தை நான் கேட்கவில்லை. சம்பந்தம் முடிந்தது என்று அந்த இடத்திலேயே தீர்மானித்துவிட்டேன். செல்வமலர் றோல்ஸ் பெட்டியைத் திறந்தாள். மாப்பிள்ளை மூன்றாவது றோல்ஸில் நிற்கும்போதுதான் பட்டுச்சீலை அம்மா இளைக்க இளைக்க எங்கள் பாலத்தில் வந்து ஏறினா.

"குகதாசன் எண்டது நீங்களோ? நாங்கள் சட்டனிலை இருந்து வாறம். அந்தப் பாலத்திலை நிண்டு எத்தினை தரம் நடந்தனாங்கள்! நீங்கள் எங்களைப் பாத்துக் கையும் காட்டினியள்!"

எனக்குக் காலுக்குக் கீழே பாலமும் இல்லை, ஆறும் இல்லை. அந்த அம்மாவுக்குப் பின்னால் ரை கட்டிய பெடியன், அவன்தான் உண்மையான ஸ்ரீஸ்கந்தராஜா. படத்தில் தொப்பி மறைத்ததையெல்லாம் வெயில் பளிச்சென்று காட்டியது. குறை சொல்லவில்லை, பண்பான பிள்ளை. பாலாம்பிகையைப் பார்க்காமல், றோல்ஸ் பெட்டியையும் பார்க்காமல், ஆற்றில் போன வள்ளங்களைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இந்தத் தம்பி ஆர்?" என்று அந்த அம்மா கேட்டா.

அதற்கு எனக்கே விடை தெரியாது. ஆனால் விடை தெரியாது என்று சொல்லவும் ஏலாது, அவன் கையில் எங்கள் றோல்ஸ் இருந்தது. "இவர் பாலத்து ஒபிசர். வாறவைக்குப் பாலத்தைப் பற்றி விளங்கப்படுத்துறவர்" என்று வாயில் வந்ததைச் சொன்னேன். அந்தப் பெடியன் என்னை ஒரு பார்வை பார்த்தான். பிறகு கையைத் துடைத்துவிட்டு, கதவுகள், கட்டிய காலம், இயந்திரம் என்று அந்த மூன்று பேருக்கும் ஒழுங்காக விளங்கப்படுத்தினான். என் மானத்தைக் காப்பாற்றினான், அதை மறுக்க மாட்டேன். அந்த அம்மா விடவில்லை. "தம்பியின்ர பேர்?" என்றா. நானும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

"கஸ்பர், அன்ரி. நாளைக்குச் சேர்ச்சிலை பூசைக்குப் பாட்டுப் படிக்கப் பழகினனான், அதுதான் குரல் கொஞ்சம் அடைச்சிருக்கு."

செல்வமலர் பிளாஸ்க்கைக் கைதவற விட்டாள். வேதக்காரப் பெடியன், அத்தான்! வடை கொடுத்து, விசா விசாரித்து, மனதுக்குள் முகூர்த்தமும் பார்த்து முடித்த பிறகு! இது போதாதென்று அந்தப் பெடியன் கமெராவை எடுத்து, "இவ்வளவு தூரம் வந்து தற்செயலாச் சந்திச்சிருக்கிறியள், எல்லாரும் சேர்ந்து நில்லுங்கோ" என்றான். தற்செயல் என்று சொல்லிவிட்டால் மறுக்க முடியுமா? இரண்டு குடும்பமும் வரிசையாக நின்றோம். சட்டன் அம்மாவும் நானும் சிரித்தோம். அவன் படம் எடுத்தான். அவர்கள் நீட்டிய றோல்ஸைத் தொடாமல் தங்கள் கரைக்குப் போனார்கள், நாங்கள் எங்கள் கரைக்கு வந்தோம்.

ரயிலில் செல்வமலர் என் காதுக்குள், "இஞ்சாருங்கோ, ஒரு காரியம் நடந்துபோச்சு" என்றாள். இன்னும் என்ன நடக்கக் கிடக்கிறது என்றேன். "நீங்கள் பெடியனோட கதைச்சுக்கொண்டு நிக்கேக்க நான் பிள்ளையிட்டைக் கேட்டனான். ஓம் எண்டவள்." எதற்கு ஓம் என்றவள் என்று கேட்டேன். "மாப்பிள்ளைக்கு. நாங்கள் நினைச்ச மாப்பிள்ளைக்கு" என்று சொல்லிவிட்டு அழத் தொடங்கினாள். முப்பத்தொரு வருடத்தில் பிள்ளை ஒருமுறை வாய் திறந்து ஓம் என்றாள், அதுவும் ஆள் மாறிப் போயிற்று. அவளும் எங்களைப்போல அவனைத்தான் மாப்பிள்ளை என்று நினைத்திருக்கிறாள். அவளில் என்ன பிழை?

ஆகவே அத்தான், உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன். சட்டன்காரருக்கு உடனே போன் எடுங்கள். இரட்டைப் பாலத்தால் வந்த குழப்பம் என்று சொல்லுங்கள். கலண்டரில் பிழை என்று சொல்லுங்கள். ஜாதகம் அவ்வளவு பொருந்திய இடம், விடக்கூடாது. மற்றப் பெடியனைப் பற்றிப் பேச்சு வந்தால் பாலத்து ஒபிசர் என்பதிலேயே நில்லுங்கள். எப்படியாவது இந்தச் சம்பந்தத்தை ஒப்பேற்றித் தாருங்கள். பாலாம்பிகையை நான் சமாளிப்பேன், அவள் என் சொல்லைத் தட்டாத பிள்ளை.

அக்காவின் பிறஷருக்கு மருந்து தவறாமல் கொடுங்கள். உங்கள் இருவருக்கும் எங்கள் வணக்கம். எல்லாம் வல்ல பிள்ளையார் உங்களுக்கு நீண்ட ஆயுளும், எனக்குக் கொஞ்சம் நித்திரையும் தருவாராக.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மைத்துனன்
சி. குகதாசன்

பிற்குறிப்பு: அத்தான், சட்டனுக்குப் போன் எடுக்க வேண்டாம். எடுத்திருந்தால் திரும்ப எடுத்து இல்லை என்று சொல்லிவிடுங்கள். கடிதத்தை உறையில் இட்டு நாவால் நனைக்கும்போது அவர்களே எடுத்தார்கள். அந்த அம்மாதான். "நடந்தது நடந்துபோச்சு அண்ணை, அருமையான பிள்ளை, எங்களுக்கு முழுச் சம்மதம். நாள் பாருங்கோ" என்றா. நான் உங்களிடம் கேட்டதெல்லாம் நீங்கள் வாய் திறக்க முன்னமே கிடைத்தது. போனைக் கையால் பொத்திக்கொண்டு பாலாம்பிகையைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் போனைப் பொத்தியிருந்த என் கையைப் பார்த்தாள். பிறகு, "அப்பா, நீங்கள்தான் ஆளை மாறிப் பாத்தனீங்கள். நான் ஓம் எண்டது மாறிச் சொன்னதில்லை" என்றாள்.

நான் கையை எடுத்து, "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அம்மா, எங்களுக்குச் சரிவராது" என்றேன். என் வாயால்தான் சொன்னேன். நேற்று முழுக்கப் பட்ட அதிர்ச்சியெல்லாம் இதற்குப் பக்கத்தில் நில்லாது. செல்வமலர் எழும்பி வந்து கதவைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்க்கிறாள், இன்னும் வாய் மூடவில்லை. ஜாதகமே இல்லாத பிள்ளைக்கு எதை வைத்துப் பொருத்தம் பார்க்கிறது என்று அக்காவிடம் கேளுங்கள். முதலில் அக்காவைக் கதிரையில் இருத்திவிட்டுக் கேளுங்கள். கஸ்பர் படத்தைக் கழுவிக்கொண்டு வருகிற சனிக்கிழமை வீட்டுக்கு வருகிறானாம், செல்வமலர் விலாசம் கொடுத்திருக்கிறாள். அவன் பாவம், மூன்று றோல்ஸ் தின்றதைத் தவிர அவனுக்கு இதில் ஒன்றும் தெரியாது. அவனிடம் இதை யார், எப்படிச் சொல்வது என்று உடனே பதில் எழுதுங்கள், அத்தான்.